மேலே ஒரு இன்ஜின், அடியில் வேறொன்று

பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ஒரு காலத்தில் ரயில் பாதை கிடங்குகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போனது. சாதாரண சரக்கு இன்ஜின் அந்த வளைவுகளில் திரும்பாது. அதற்கென்றே பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வே 1912-இல் பால்ட்வின் தொழிற்சாலையில் நான்கு குட்டி இன்ஜின்களைச் செய்து வாங்கியது. நாலே சக்கரம், பாய்லரின் முதுகில் தண்ணீர்த்தொட்டி, சி-16 என்று வகைப்பெயர். மொத்தம் நான்கே நான்குதான் உருவாயின. அமெரிக்க ரயில் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்புக்குமேல் இடம்பெற வேண்டிய இன்ஜின் அல்ல அது.

ஆனால் மாடல் உலகில் அது ஆயிரக்கணக்கில் பெருகியது. கோர்டன் வார்னி என்ற அமெரிக்க மாடல் தயாரிப்பாளர் அதை எச்ஓ அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, வார்த்து விற்றார். ‘டாக்சைட்’ என்றும் ‘லிட்டில் ஜோ’ என்றும் அதற்குப் பெயர்கள். பிறகு இத்தாலியின் கோமோ நகரத்து ரிவரோசி நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது. வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்குப் பால்டிமோர் துறைமுகத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திருகைக் கழற்றி மேற்கூட்டை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அடியில் இருந்தது: மலிவான, சின்னஞ்சிறிய, நம்பி ஓட்டக்கூடிய ஒரு நாலு சக்கரச் சேஸிஸ். அதன்மேல் மரம் வெட்டும் கம்பெனியின் இன்ஜினும், சுரங்க இன்ஜினும், எந்த ஊரிலும் ஓடியிராத கற்பனை இன்ஜின்களும் எழுந்தன.

இந்தச் சேஸிஸ் என்பது என்ன? துத்தநாகக் கலவையில் வார்த்த அல்லது பித்தளைத் தகட்டில் வெட்டிய ஒரு சட்டம். அதில் ஒரு மோட்டார். மோட்டார் அச்சின் நுனியில் புரி வெட்டிய வார்ம் கியர், அது சுழற்றும் பற்சக்கரம், அந்தப் பற்சக்கரம் ஏறிய அச்சு, மற்ற சக்கரங்களை அதோடு கட்டி இழுக்கும் இணைப்புத்தண்டுகள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் அச்சில் இந்தத் தண்டுகளை மாட்டும் இடப்பக்க முளையும் வலப்பக்க முளையும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கோணம் ஒன்றுபோல இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் வண்டி நொண்டும். தண்டவாளத்தில் வரும் மின்சாரம் சக்கரம் வழியாக மோட்டாருக்கு ஏற வேண்டும். அதே சமயம் இரு பக்கமும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. மேற்கூட்டை அட்டையில்கூட வெட்டி ஒட்டலாம். சேஸிஸ் அப்படிப்பட்டதல்ல, அதற்குக் கடைசல் எந்திரமும் பழகிய கையும் வேண்டும்.

அதனால் எந்த இன்ஜினைச் செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, கையில் எந்தச் சேஸிஸ் இருக்கிறது என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. மாடல் ரயிலின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், பல திருப்பங்களுக்குக் காரணம் இந்தக் கேள்விதான் என்று தெரிகிறது. ஒரு நாடு முழுவதும் பின்பற்றும் அளவையே அது முடிவுசெய்திருக்கிறது.

அந்த நாடு பிரிட்டன். 1922-இல் நியூரம்பெர்க்கின் பிங் நிறுவனம், நார்த்தாம்ப்டனின் பாசெட்-லோக் வணிகத்துக்காக, சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கக்கூடிய ஒரு சிறிய ரயிலைக் கொண்டுவந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. அகலம். 1,435 மி.மீ. அகலமுள்ள அசல் பாதைக்கு இது 87-இல் ஒரு பங்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் இன்ஜினில் வந்தது. பிரிட்டிஷ் ரயில்கள் பழைய பாலங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் கட்டுப்பட்டவை; அமெரிக்க, ஜெர்மன் இன்ஜின்களைவிட ஒடுக்கமானவை, குட்டையானவை. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அக்கால மோட்டார் அந்த மெலிந்த பாய்லருக்குள் நுழையாது. மோட்டாரைச் சுருக்க வழியில்லை. ஆகவே இன்ஜினைப் பெரிதாக்கினார்கள். ஹென்றி கிரீன்லி போன்றவர்கள் முன்வைத்த ‘அடிக்கு 4 மி.மீ.’ என்ற அளவு, அதாவது 76-இல் ஒரு பங்கு, பிரிட்டனில் நிலைத்தது. தண்டவாளம் மட்டும் பழைய 16.5 மி.மீ.யிலேயே நின்றுவிட்டது.

விளைவு வேடிக்கையானது. 76 அளவில் 16.5 மி.மீ. என்பது அசலில் 1,257 மி.மீ.க்குத்தான் சமம். கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் குறைவு. அகன்ற உடம்பும் நெருங்கிய கால்களுமாக பிரிட்டிஷ் மாடல் ரயில்கள் இன்றுவரை ஓடுகின்றன. 1938-இல் ஹார்ன்பி டப்ளோ வந்தபோதும் இந்த ஓஓ அளவிலேயே வந்தது. இதைப் பொறுக்காதவர்கள் பின்னாளில் 18.2 மி.மீ. பாதை என்றும், அதிலும் திருப்திப்படாதவர்கள் 1960-களில் 18.83 மி.மீ. என்றும் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தார்கள். அவர்கள் கடைச் சேஸிஸை வாங்கினால் முதல் வேலை, சக்கரங்களை உருவி எடுத்துவிட்டு வேறு சக்கரம் பூட்டுவது. நம் அகலப்பாதையை இதே கணக்கில் போட்டுப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும்: 1,676 மி.மீ. பாதைக்கு எச்ஓ அளவில் 19.2 மி.மீ. வேண்டும், ஓஓ அளவில் 22. பெரிய தொழிற்சாலைகள் அந்த அகலத்துக்குச் சேஸிஸ் வார்ப்பதில்லை. அதனால் இந்திய ரயிலை மாடலாக ஓட்ட நினைப்பவர் பெரும்பாலும் 16.5 மி.மீ. பாதையோடு சமாதானம் செய்துகொள்கிறார்.

உலகக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இன்ஜினும் இந்தச் சமாதானத்திலிருந்து தப்பவில்லை. பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி எழுதிய தாமஸ் கதைப் புத்தகம் 1946-இல் வந்தது. ரெஜினால்ட் பெய்ன் வரைந்த படங்களில் தாமஸ், லண்டன்-பிரைட்டன் ரயில்வேயின் இ2 வகை இன்ஜினின் சாயலில் இருந்தான். 1913 முதல் 1916 வரை பத்து மட்டுமே கட்டப்பட்ட வகை அது. ஆட்ரி 1948-இல் தன் வீட்டுப் பாதைக்கு ஒரு தாமஸ் வேண்டுமென்று தேடியபோது கடையில் இ2 ஏது? ஸ்டூவர்ட் ரீட்பாத் நிறுவனத்தின் பொதுவான ஆறு சக்கர டேங்க் இன்ஜின் ஒன்றை வாங்கினார். அதுவே தாமஸ் ஆனது. தாமஸைப் படைத்தவரிடம் இருந்த தாமஸே படத்தில் உள்ள தாமஸைப் போல இல்லை. ஹார்ன்பி 1985-இல் கடைக்குக் கொண்டுவந்த தாமஸ், அது முன்பே செய்துவந்த இ2 மாடலைத் திருத்தியது. மேற்கூடு ஓரளவு சரி. அடியில் இருந்ததோ வேறொரு கம்பெனியின் வேறொரு இன்ஜினுக்காக வார்த்த சேஸிஸ்.

அந்த வேறொரு இன்ஜின் ஜிண்டி. லண்டன்-மிட்லண்ட் ரயில்வே 1924 முதல் 1931 வரை 422 கட்டித் தள்ளிய, ஷண்டிங் யார்டுகளில் உழைத்த சாதாரண ஆறு சக்கர வண்டி. மார்கேட் நகரில் இயங்கிய ட்ரை-ஆங் நிறுவனம் 1950-களில் அதை மாடலாக்கியது. அதன் சேஸிஸ் உறுதியானது, விலை குறைவு, உள்ளே எக்ஸ்ஓ4 என்ற திறந்த சட்ட மோட்டார். கீழே விழுந்தாலும் ஓடும், தூசி படிந்தாலும் ஓடும் என்று பெயரெடுத்த மோட்டார் அது. இந்தச் சேஸிஸை நம்பி ஒரு குடிசைத்தொழிலே வளர்ந்தது. வில்ஸ், கே’ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தில் மேற்கூட்டை மட்டும் வார்த்து உறையில் போட்டு விற்றன. வாங்குபவர் துண்டுகளை ஒட்டி, அரத்தால் தேய்த்து, பெயின்ட் அடித்து, ட்ரை-ஆங் சேஸிஸின்மேல் உட்கார வைத்தால் கடையில் கிடைக்காத இன்ஜின் கையில் வந்துவிடும். கனமான உலோகக் கூடு சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்தியதால் இழுவையும் கூடியது.

விலை கொடுத்தது எங்கே என்றால், சக்கரங்களின் இடைவெளியில். அசல் ஜிண்டியின் முதல் அச்சுக்கும் இரண்டாவதுக்கும் 8 அடி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எட்டரை அடி, மொத்தம் பதினாறரை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பேனியர் டேங்க் இன்ஜின், 57 வரிசை என்பார்கள், 863 கட்டப்பட்ட வகை, அதற்கு 7 அடி 3 அங்குலமும் 8 அடி 3 அங்குலமும், மொத்தம் பதினைந்தரை. ஓர் அடி வித்தியாசம் மாடலில் 4 மி.மீ. சக்கரத்தின் விட்டமோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. சக்கரம் பொருந்துகிறது, இடைவெளி பொருந்தவில்லை. நாலு மி.மீ. பெரிய விஷயமா என்று வெளியாள் கேட்பார். பேனியர் டேங்கை நேரில் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு முன்சக்கரம் இடம் மாறி நிற்பது பளிச்சென்று தெரியும். தெரிந்தும் வாங்கினார்கள். ஹார்ன்பியே தன் பேனியர் டேங்கையும் ஜே83 என்ற இன்னொரு இன்ஜின் வகையையும் பல்லாண்டு காலம் இந்த ஜிண்டிக் குடும்பச் சேஸிஸின்மேல்தான் ஓட்டியது.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே இன்ஜின்கள் பெரியவை. 87 அளவிலும் மோட்டார் நுழைந்தது, ஆனால் முழுவதும் நுழையவில்லை. நெருப்பறையைத் தாண்டி ஓட்டுநர் நிற்கும் இடம்வரை மோட்டார் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு வைக்க இடமிருக்காது. நியூஜெர்சியில் ஜான் டைலர் 1926-இல் தொடங்கிய மாண்டுவா, கிளாரன்ஸ் மென்டீரின் மாடல் டை காஸ்டிங், வார்னி ஆகியோர் வார்த்த உலோகக் கிட்டுகளைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். மாடல் டை காஸ்டிங்கின் ‘ஓல்ட் டைமர்’ வரிசை மாற்றிச் செய்பவர்களின் செல்லப்பிள்ளை. 1900-ஐ ஒட்டிய காலத்துச் சிறிய எட்டுச் சக்கர, ஆறு சக்கர இழுவை இன்ஜின்கள்; எந்தச் சிற்றூர் ரயில்வேயின் பெயரை எழுதினாலும் பொருந்தும்.

அமெரிக்காவில் மாற்றுவேலைக்கு இன்னொரு தூண்டுகோலும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் லெவோன் கெமால்யன் நடத்திய கெம்ட்ரான் நிறுவனம், மெழுகில் உருச்செய்து பித்தளையில் வார்க்கும் முறையில் நுண்ணிய பாகங்களை விற்றது. மணி, விசில், முகப்பு விளக்கு, காற்று பம்ப், மணல்குடம் எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தன. ஒரே மாண்டுவா சேஸிஸில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு ரயில்வேக்களின் இன்ஜின்கள் பிறந்தன. நீராவி இன்ஜினின் முகத்தை மாற்றுவது பெரும்பாலும் விளக்கும் பம்பும் எங்கே இருக்கின்றன என்பதுதான். மான்டெரே நகரில் ஜான் ஆலன் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டிய ‘கோர் அண்ட் டெஃபீட்டட்’ என்ற கற்பனை மலைரயில் இந்தக் கலையின் உச்சம் என்று சொல்வார்கள். ‘இரத்தக்கறை படிந்து தோற்றவர்கள்’ என்று காதில் விழும்படி விளையாட்டாக வைத்த பெயர். தொழில்முறைப் புகைப்படக்காரரான அவர் வார்னியின் விளம்பரங்களுக்கும் படம் எடுத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்த மலைகளும் பாலங்களும் எரிந்துபோயின.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே அளவுக்குள் நடந்த மாற்றங்கள். இந்தக் கலையின் உண்மையான துணிச்சல், அளவையே தாண்டிக் குதித்ததில் இருக்கிறது. நாரோகேஜ் ரயிலை விரும்பியவர்கள்தான் அதற்கு வழிகாட்டிகள். அவர்களுக்கென்று சேஸிஸ் செய்த கம்பெனிகள் மிகச் சிலவே. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மி.மீ.யை 48-இல் ஒரு பங்கு அளவில் பார்த்தால் அது 792 மி.மீ.; இரண்டரை அடிப் பாதைக்கு 762. மூன்று சென்டிமீட்டர் பிசகு, கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தைப் பாருங்கள்: எச்ஓ அளவில் 63 அங்குலச் சக்கரம் பூட்டிய சரக்கு இன்ஜினை 48 அளவில் எடுத்துக்கொண்டால் அதே சக்கரம் 35 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிவிடும். நாரோகேஜ் இன்ஜின்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சக்கரம். யார்டில் ஷண்டிங் செய்யும் 50 அங்குலச் சக்கரத்து வண்டி 27 அங்குலச் சொச்சத்துக்கு வந்து, கரும்புத்தோட்டத்துப் போர்ட்டர் இன்ஜினுக்குக் கச்சிதமாக அமையும். டாக்சைட்டுக்கு மறுபடியும் கிராக்கி வந்த இடம் இது. மேலே பெரிய கேபின், உயரப் புகைபோக்கி, விறகு அடுக்கிய டெண்டர். அடியில் அதே பால்டிமோர்.

ஐரோப்பாவில் இதே தந்திரம் ஒரு படி கீழே நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆர்னால்ட் நிறுவனம் 9 மி.மீ. பாதையில் ‘என்’ (N) எனப்படும் அளவு ரயிலை, 160-இல் ஒரு பங்காக, கொண்டுவந்தது. பெரிய ரயிலைச் சின்ன அறையில் ஓட்டுவதுதான் அதன் நோக்கம். நாரோகேஜ்காரர்கள் அந்த 9 மி.மீ.யை எடுத்து ஓஓ அளவோடு பெருக்கிப் பார்த்தார்கள்: 686 மி.மீ. வேல்ஸ் மலைகளின் இரண்டடிப் பாதைக்கு அது போதுமான நெருக்கம். ஓஓ9 பிறந்தது. ஆர்னால்ட், மினிட்ரிக்ஸ், கிரகாம் ஃபாரிஷ் ஆகியோரின் ஆறு சக்கரச் சேஸிஸ்கள், தங்களைவிட இருமடங்கு பெரிய உடம்புகளைச் சுமக்கத் தொடங்கின. 1972-இல் மார்க்லின் 220-இல் ஒரு பங்கான இசட் ரயிலை 6.5 மி.மீ. பாதையில் வெளியிட்டதும், அமெரிக்காவின் மூன்றடிப் பாதை ரயில்களை ‘என்’ அளவில் செய்ய விரும்பியவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. மீட்டர்கேஜும் இப்படித்தான்: 120-இல் ஒரு பங்கான டிடி ரயிலின் 12 மி.மீ. பாதை, எச்ஓ அளவில் மீட்டர்கேஜ் ஆகிறது. ஆனால் நீலகிரி மலைரயிலின் எக்ஸ் வகை இன்ஜினை அந்தப் பாதையில் செய்ய முனைபவருக்கு எந்த டிடி சேஸிஸும் முழுத்தீர்வு தராது. வின்டர்தூரில் கட்டிய அந்த இன்ஜினில் ஒரு ஜோடி சிலிண்டர் சக்கரங்களைச் சுழற்ற, இன்னொரு ஜோடி பற்சட்டத்தைப் பற்றி ஏறும் பல்லுருளையைச் சுழற்றுகிறது. வெளியே தெரியும் அந்தத் தண்டுகளின் நெரிசலைக் கடையில் வாங்க முடியாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? பழகியவர்கள் முதலில் பார்ப்பது சக்கரத்தின் விட்டம், பிறகு அச்சு இடைவெளி, பிறகு சக்கரங்கள் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றனவா உள்ளேயா என்பது. வால்வு இயக்கமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட் 1844-இல் வகுத்த, சக்கரத்துக்கு வெளியே ஆடும் தண்டு அமைப்பு, அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் பரவலானது. 1880-களின் இன்ஜின் என்று சொல்லிவிட்டு அது தொங்கினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். கழற்றிப் போடுவது சுலபம். இல்லாத இடத்தில் சேர்ப்பது பெரும் வேலை. அதனால் இரண்டு சேஸிஸ்களில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தால் அதிகமாக உள்ளதையே எடுப்பார்கள்.

சக்கரம் பொருந்தினாலும் விளிம்பு பொருந்தாது. அசல் சக்கரத்தின் உள்விளிம்பு ஓர் அங்குலம். எச்ஓ அளவில் அது 0.3 மி.மீ.கூட இல்லை. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் வகுத்த விளிம்பு வடிவமோ 0.64 மி.மீ. ஆழம், வீட்டுப் பாதையின் மேடுபள்ளத்தில் தடம்புரளாமல் இருக்க அது வேண்டும். பழைய ரிவரோசி இன்ஜின்களின் விளிம்பு அதைவிடவும் ஆழம். எனவே அசலில் சக்கரங்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல நெருங்கி நிற்கும் இன்ஜின்களை மாடலில் அப்படியே கொண்டுவர முடியாது. தயாரிப்பாளர் சக்கரத்தைச் சற்றுச் சின்னதாக்கியிருப்பார். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் வெர்னியர் வைத்து அளப்பவர் பின்னால் அல்லல்பட மாட்டார்.

வேகம் தனிக்கதை. நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் மோட்டாரை, 30 சுற்றுக்கு ஒரு சுற்று என்று குறைக்கும் கியரோடு, 50 அங்குலச் சக்கரத்தில் கட்டினால் எச்ஓ அளவில் மணிக்கு 95 கிலோமீட்டருக்குச் சமமான வேகம் வரும். மலைக்காட்டுப் பாதையில் ஆடி அசைந்து போக வேண்டிய வண்டிக்கு இது அடாத வேகம். அதைவிட மோசம், மெதுவாக நகரச் சொன்னால் துள்ளித் துள்ளி நகரும். 60-க்கு ஒன்று என்று கியரை மாற்றினால் பாதியாகும். பிரிட்டனில் ராம்ஃபோர்ட் நிறுவனத்தின் 40-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று கியர்கள் இதற்காகவே விற்றன. ஜப்பானியப் பித்தளை இன்ஜின்களின் வரலாற்றில் இது பெரிய அத்தியாயம். 1950-களிலிருந்து பசிபிக் ஃபாஸ்ட் மெயில் போன்ற இறக்குமதியாளர்கள் ஜப்பானிய கைவினைஞர்கள் கையால் பற்றவைத்த இன்ஜின்களை அமெரிக்காவில் விற்றார்கள். தோற்றத்தில் குறை சொல்ல இடமில்லை. உள்ளே இருந்த மோட்டாரும் கியரும் இரைச்சலாக ஓடின. அழகை வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மாற்றும் வேலைக்கென்று நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் கியர் தொகுப்புகளைச் செய்து விற்றது. திறந்த சட்ட மோட்டார் போய், டப்பாவுக்குள் மூடிய சின்ன மோட்டார் வந்தது. ஓட்டுநர் பொம்மைக்குக் கால் கிடைத்தது.

பழைய சேஸிஸை ஏலத்திலோ கண்காட்சியிலோ எடுப்பவர் உலோகத்தையும் பார்க்க வேண்டும். துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் ஆண்டுகள் போகப்போக அது உள்ளுக்குள் உப்பி, விரிசல் விட்டு, பொடிப்பொடியாக உதிரும். போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது அதிகம். நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-இல் தூய துத்தநாகத்தில் ஜமாக் கலவையை உருவாக்கியதே இந்த நோய்க்கு மருந்தாகத்தான். ஆனால் எல்லாத் தொழிற்சாலையும் கழிவு உலோகத்தை உருக்கி ஊற்றும் பழக்கத்தை உடனே விடவில்லை. பிற்காலச் சேஸிஸ்களுக்கு வேறு நோய்: அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பற்சக்கரம் காலப்போக்கில் வெடிக்கும். வண்டி ‘டக், டக்’ என்று சீராகத் தட்டினால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

அடுத்த பெரிய திருப்பம் 1998-இல் வந்தது. ஹாங்காங்கின் கேடர் குழுமத்துக்குச் சொந்தமான பேக்மன் நிறுவனம், எச்ஓ பாதையில் 48 அளவில் ஓடும் ஒரு மோகல் வகை நீராவி இன்ஜினை ரயில்பெட்டிகளோடு சேர்த்து விற்பனைக்கு இறக்கியது. முன்னே இரண்டு, நடுவே ஆறு சக்கரம். கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்க வீடுகளில் அடுக்கும் பீங்கான் கிராமங்களைச் சுற்றி ஓட்டவும் அது தோதாக இருந்தது. அதுவரை சேஸிஸைக் கடன் வாங்கிக்கொண்டிருந்த, எச்ஓ பாதையில் 48 அளவு நாரோகேஜ் ஓட்டும் ‘ஓஎன்30’ கூட்டத்துக்கு முதல்முறையாக நேராகப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டும் இன்ஜின் கிடைத்தது. ஷே, போர்ட்டர், ஃபார்னி, வெளிச்சட்டம் கொண்ட எட்டுச் சக்கர இன்ஜின் என்று வரிசை நீண்டது. மாற்றுவேலை ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தால் அது தவறிப்போனது. வாங்கியவர்கள் அந்த மோகலையும் வெட்டினார்கள். கேபினைக் கழற்றி வேறு கேபின், பாய்லரைக் குட்டையாக்கி டேங்க் இன்ஜின், முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் பொருத்திய வண்டி என்று அது புதிய டாக்சைட்டாகிவிட்டது.

மெய்ன் மாநிலத்து இரண்டடி ரயில்களை விரும்புவோரின் சங்கடம் இங்கே சொல்லத்தக்கது. 1935-இல் மூடப்பட்ட சாண்டி ரிவர் அண்ட் ரேஞ்ச்லி லேக்ஸ் அந்த வகையில் மிகப் பெரியது. அதன் ஃபார்னி இன்ஜின்களில் நிலக்கரியும் தண்ணீரும் தனி டெண்டரில் இல்லாமல் இன்ஜினின் பின்சட்டத்திலேயே இருக்கும். 48 அளவில் அதற்குச் சரியான பாதை 12.7 மி.மீ. அந்த அகலத்தில் எதைத் தொட்டாலும் கையால் செய்ய வேண்டும், அல்லது விலையுயர்ந்த பித்தளை. 16.5 மி.மீ.க்குப் போனால் பேக்மன் ஃபார்னியும் எண்ணற்ற எச்ஓ சேஸிஸ்களும் உண்டு. ஆனால் பாதை அரையடிக்கும் மேல் அகன்றுவிடும். இரண்டடி ரயிலின் அழகே ஒல்லிப் பாதையில் அகலப் பெட்டி தள்ளாடிப் போவதுதான். அகன்ற பாதையில் அந்தத் தள்ளாட்டம் போய்விடும். இருந்தும் பெரும்பாலோர் சேஸிஸ் கிடைக்கும் பக்கமே சாய்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடாத துல்லியத்தைவிட ஓடும் பிசகு மேல் என்பவர்களே இந்தப் பொழுதுபோக்கில் எப்போதும் பெரும்பான்மை.

இப்போது மேற்கூட்டைப் பலர் வார்ப்பதில்லை, அச்சடிக்கிறார்கள். முப்பரிமாண அச்சு வந்தபின், கணினியில் வரையத் தெரிந்த ஒருவர் எந்த ஊர் இன்ஜினையும் பிசினில் எடுத்துவிடலாம். விற்கும்போது அதன் குறிப்பில் முதல் வரியிலேயே எந்தச் சேஸிஸுக்குப் பொருந்தும் என்று எழுதிவிடுகிறார்கள். ஜப்பானின் காட்டோ நிறுவனம் தன் ஊர் டிராம் வண்டிகளுக்காகச் செய்யும் சின்னச் சேஸிஸ்களை நம்பியே ஓஓ9 உலகில் ஏராளமான உடம்புகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. தயாரிப்பாளர் ஓர் உற்பத்தி ஓட்டத்தை நிறுத்தினால் அந்தச் சேஸிஸின் பழைய பிரதிகள் விலையேறும். திருகுத்துளையை இரண்டு மி.மீ. நகர்த்தினால் ஒரு டஜன் உடம்புகளின் வரைபடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். இப்படி உடம்பு வரைந்த பலர் தங்கள் கோப்புகளை ஷேப்வேஸ் என்ற அச்சு நிறுவனத்தில் வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அது திவாலானபோது, சேஸிஸ் கையில் இருந்தும் உடம்பு கிடைக்காமல் வாங்குவோர் அலைந்தார்கள். எழுபது ஆண்டுகளாக எப்போதும் மறுபக்கமாகவே இருந்த தட்டுப்பாடு.